தளர்த்தி வைத்த நட்டு

கார் பழுதுபார்க்கும் இடத்தில் எண்ணெயும் ரப்பரும்தான் மணக்க வேண்டும். அங்கே வெண்ணிலா மணந்தது. சுவரில் பொருத்தியிருந்த சிறு கருவி ஒன்று அவ்வப்போது சீறி, அந்த இனிப்பு வாடையைக் காத்திருப்பு அறைக்குள் துப்பிக்கொண்டிருந்தது. எல்மர் க்ரூபா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கருவியையே முறைத்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மறைப்பதற்கு ஒன்று இருக்கிறவன்தான் வாசனை போடுவான் என்பது தொழில் வாழ்க்கையில் அவர் கண்டறிந்த உண்மைகளுள் ஒன்று.

அமெரிக்காவில் ஈரி ஏரிக்கரையில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே கிடக்கும் அந்த மாவட்டத்தில், எடை அளவுத் துறையின் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பெட்ரோல் பங்குகள், கறிக்கடைத் தராசுகள், விறகு மண்டிகள் எல்லாம் அவருடைய கண்ணுக்கு அஞ்சிய காலம் ஒன்று உண்டு. சீருடையோடு போய்ச் சோதிப்பதில் அவருக்கு நம்பிக்கை இருந்ததில்லை. சாதாரண வாடிக்கையாளராகப் போவார். சரியான எடை தமக்கு மட்டுமே தெரிந்த பொட்டலம் ஒன்றை ஏதோ சாக்குச் சொல்லித் தராசில் வைக்கச் செய்வார். கடைக்காரன் என்ன சொல்கிறான் என்று காத்திருப்பார். விடை முன்பே தெரிந்திருக்கும்போது மனிதர்களை எடைபோடுவது எளிது. இந்த முறையை அவரே வகுத்துக்கொண்டார்; அது அவரை ஒருநாளும் கைவிட்டதில்லை.

இப்போது அதே முறையைத்தான் தம்முடைய சாம்பல் நிறக் காரின்மேல் ஏவியிருந்தார்.

காரணம் இருந்தது. வசந்த காலத்தில் முன்சக்கரங்களின் ஷாக் அப்சார்பர்களை மாற்றியதாகச் சொல்லி ஒரு கடைக்காரன் பழைய உதிரிகளை அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்திருந்தான். வீட்டில் வந்து பிரித்துப் பார்த்தால், அவை வேறு ஏதோ கம்பெனிக் காரிலிருந்து கழற்றியவை. அன்று முழுவதும் எல்மருக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு கோடையில் உள்ளூர் டயாலிசிஸ் நிலையம் மூடப்பட்டது. சிறுநீரகங்கள் செயலிழந்த அவருடைய மனைவி லொரெயினை வாரம் மூன்று முறை பஃபலோ நகரம் வரை அழைத்துப் போக வேண்டியதாயிற்று. ஏரியிலிருந்து பனி கொட்டத் தொடங்கினால் அந்த நெடுஞ்சாலையில் கையை நீட்டினால் விரல் தெரியாது. பனிக்காலம் முழுவதும் லொரெயினின் உயிர் அந்தக் காரின் நான்கு சக்கரங்களின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். ஆகவே முதல் பனி விழுவதற்குள், கண்ணை மூடிக்கொண்டு காரை ஒப்படைக்கக்கூடிய மெக்கானிக் ஒருவரைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

அப்போது காரில் எந்தச் சத்தமும் இல்லை. சத்தம் இல்லாத காரைக் கொண்டு எந்த மெக்கானிக்கைச் சோதிப்பது? ஆகவே எல்மர் தாமே ஒன்றை உண்டாக்கினார். தம் வீட்டுக் கொட்டகையில் மல்லாந்து படுத்து, வலது முன்சக்கரத்தின் பின்னாலிருக்கும் லிங்க் ராடு என்ற மெல்லிய கம்பியின் நட்டை ஸ்பேனரால் தளர்த்தினார். அது வளைவுகளில் வண்டி சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும் உறுப்பு. தளர்ந்தால் சின்ன மேடுபள்ளத்தில்கூடக் கடகடவென்று அடித்துக்கொள்ளுமே தவிர ஆபத்து ஒன்றும் இல்லை. இதை நூலகத்தில் படித்து உறுதி செய்துகொண்ட பிறகே கை வைத்தார். கம்பியின் உட்புறத்தில், தேடினால் மட்டுமே தெரியும்படி, வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளியும் வைத்தார்.

லொரெயினிடம் சொல்லவில்லை. சோதனையைப் பற்றிச் சோதனையில் இல்லாதவர்களிடம் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை.

"மிஸ்டர் க்ரூபா, கொஞ்சம் உள்ள வர்றீங்களா சார்?"

வெண்ணிலாக் கடையின் ஆலோசகன் ட்ரெவர் கதவருகே நின்றான். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. நகத்தில் ஒரு துளி அழுக்கு இல்லை. கையில் பிடித்திருந்த பளபளக்கும் தொடுதிரைப் பலகையில் விரலால் தள்ளிக்கொண்டே பேசினான்.

"நல்ல நேரத்துல கொண்டாந்தீங்க சார். ஷாக் அப்சார்பர் ரெண்டும் ஒழுகுது. கீழ்க்கை ரெண்டும் போயிடுச்சு. பால் ஜாயின்ட் போயிடுச்சு. ஸ்டியரிங் ரேக்கும் கடைசி மூச்சு விட்டுக்கிட்டு இருக்கு. இப்படியே ஓட்டினா ஒருநாள் சக்கரம் தனியாப் போயிடும், நீங்க தனியாப் போயிடுவீங்க."

"ஷாக் அப்சார்பர் வசந்த காலத்துலதான் மாத்தினது தம்பி."

"அதான் சார், இப்பல்லாம் தரமே இல்ல. வாங்க, நீங்களே பாருங்க."

தூக்கி நிறுத்தியிருந்த காருக்கு அடியில் போனார்கள். ஷாக் அப்சார்பரின்மேல் எண்ணெய் வழிந்து மினுங்கியது. எல்மர் அதைச் சுண்டுவிரலால் தொட்டு முகர்ந்தார். வாழ்நாள் முழுவதும் எண்ணெய்களின் நடுவே புழங்கிய மூக்கு அது. ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெய் அல்ல. யாரோ மேலே தெளித்த புது என்ஜின் எண்ணெய். கீழே லிங்க் ராடின் நட்டு இறுக்கப்பட்டிருந்தது. அதைப் பற்றி ட்ரெவர் மூச்சுவிடவில்லை.

விரலில் ஒட்டிய எண்ணெயைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார். துடைத்த பிறகு அந்தக் கைக்குட்டையை மறுபடி பைக்குள் வைக்க மனம் வராமல், அங்கிருந்த குப்பைக்கூடையில் போட்டார். சாவியை வாங்கிக்கொண்டு வெளியேறினார்.

வீட்டுக்கு வந்ததும் கொட்டகையில் படுத்து நட்டை மறுபடி தளர்த்தினார்.

இரண்டாவது மெக்கானிக்கின் பெயரை வெள்ளிக்கிழமை மாதாகோவிலில் மீன் வறுவல் விருந்தின்போது யாரோ சொன்னார்கள். நார்பர்ட் ஸ்விடெர்ஸ்கி, பூசையில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர், குரலில் எப்போதும் நெய் வழியும். காரை அவரிடம் விட்டு, மறுநாள் எடுக்கப் போனார் எல்மர்.

"நம்ம ஆளுங்கன்னா தனி கவனிப்பு எல்மர். லிங்க் ராடு ரெண்டு பக்கமும் தேய்ஞ்சு போயிருந்துச்சு. ரெண்டையும் புதுசா மாத்திட்டேன். இனிமே குழந்தை மாதிரி தூங்கிக்கிட்டே ஓட்டலாம்."

"ரெண்டும் புதுசா?"

"மாதா மேல சத்தியமா."

வீட்டில் வந்து குனிந்து பார்த்தார். வெள்ளைப் புள்ளி வைத்த இடத்திலேயே இருந்தது. அதே பழைய கம்பி. மண்ணைத் துடைத்துவிட்டு நட்டை மட்டும் இறுக்கியிருந்தான். அடுத்த வெள்ளிக்கிழமை விருந்தில் நார்பர்ட் வந்து தோளில் கை போட்டபோது, தட்டில் இருந்த மீனிலிருந்து வழிந்த எண்ணெயும் அந்தக் கையின் சூடும் எல்மருக்கு ஒன்றாகவே பட்டன. தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்தார். மனிதர்கள் ஏமாற்றுவது அவருக்குப் புதிதல்ல. ஏமாற்றுகிறபோது அவர்கள் முகத்தில் ஓடும் அந்தப் பிரியம்தான் சகிக்க முடியாததாக இருந்தது.

மறுபடியும் கொட்டகை; மறுபடியும் ஸ்பேனர்.

இதற்குள் இலையுதிர் காலம் முற்றிவிட்டது. தளர்ந்த நட்டோடுதான் லொரெயினைப் பஃபலோவுக்கு அழைத்துப் போய் வந்துகொண்டிருந்தார். சாலையின் சிமெண்டுப் பாளங்கள் சேரும் ஒவ்வோர் ஒட்டிலும் கார் கடகடத்தது. ஒவ்வொரு கடகடப்புக்கும் லொரெயின் கதவுக்கு மேலிருக்கும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன அவளுடைய கையின் நரம்புகள் அப்போது இன்னும் மேலெழும்பும். எல்மர் அதைக் கடைக்கண்ணால் பார்ப்பார். பார்த்துவிட்டுச் சாலையைப் பார்ப்பார். இன்னும் ஓரிரு வாரம். நேர்மையான ஆள் ஒருவன் கிடைத்துவிட்டால் அவளுடைய பனிக்காலம் முழுவதும் பத்திரம். அவர் போட்ட கணக்கில் அந்தக் கைப்பிடி வரவில்லை.

"எல்மர், சத்தம் மாறியிருக்கு," என்றாள் ஒருநாள், வீட்டு வாசலில் கார் திரும்பும்போது.

"அதே சத்தந்தான்."

"இல்ல. முன்னாடி குலுங்கும்போதுதான் கேட்டுச்சு. இப்ப நீ வளைக்கும்போதும் கேக்குது. 'டொக்'குன்னு ஒண்ணு. கனமா."

"லொரெயின், எனக்குத் தெரியும் அது என்ன சத்தம்னு."

"தெரிஞ்சா சரி பண்ணு. எனக்கும் காது கேக்கும்."

உண்மையில் அவருக்கும் அது கேட்டிருந்தது. நட்டு இன்னும் கொஞ்சம் கழன்றிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அதில் ஒரு திருப்திகூட உண்டாயிற்று. இவ்வளவு பெரிய சத்தத்தையும் ஒருவன் தவறாகச் சொன்னால் அவன் தப்ப வழியே இல்லை.

நவம்பர் மாதத்தின் ஒரு காலை, ஏரியின்மேல் வானம் அழுக்குத் துணிபோல் தொங்கிக்கொண்டிருந்தபோது, பஃபலோவுக்குப் போகும் வழியில் ரயில் பாதையைக் கடந்தார்கள். வலது பக்கம் அடியிலிருந்து டொக்கென்று ஓர் அடி விழுந்தது. காலடித் தளத்தின் வழியாக அது லொரெயினின் முழங்கால் வரை ஏறியது.

"நிறுத்து," என்றாள்.

"இன்னும் கொஞ்ச தூரந்தான்..."

"நிறுத்துன்னு சொன்னேன். அதோ பாரு, அங்க ஒரு பட்டறை இருக்கு. டயாலிசிஸ் நர்ஸ் ஒரு பொம்பளை மெக்கானிக்கைப் பத்திச் சொன்னாளே, அவ பட்டறைதான். அங்க விடு. இல்லேன்னா நான் எறங்கி நடக்கறேன்."

எல்மரும் அடுத்த சோதனைக்கு ஓர் ஆளைத் தேடிக்கொண்டுதான் இருந்தார். காரை உள்ளே திருப்பினார்.

ரோண்டா பிட்கினின் பட்டறையைப் பார்த்ததுமே இறங்குவதற்குக் கூசியது. தரை முழுவதும் கறுத்த எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் தூவிய மரத்தூள், மரத்தூளின்மேல் நாய்மயிர். மேசையில் ஒரு காப்பிக் கோப்பை இருந்தது. அதில் பாதி வரை பழுப்பு நிறத்தில் ஏதோ நின்றது. ஐம்பதைத் தாண்டிய, தோள் அகன்ற ஒரு பெண் வந்து, கன்னத்தில் அடக்கியிருந்த புகையிலைச் சாற்றை அந்தக் கோப்பையில் உமிழ்ந்தபோதுதான் அது என்னவென்று எல்மருக்குப் புரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சொல்லுங்க பெரியவரே. எங்க வலிக்குது?"

"முன்பக்கம் சத்தம். மேடுபள்ளத்துல கடகடங்குது."

"திருப்பும்போது?"

"இல்ல."

"திருப்பும்போதும் கேக்குது," என்றாள் லொரெயின், அவளுக்காக ரோண்டா துடைத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தபடி. "பிரேக் போடும்போதும்."

ரோண்டா அவரை விட்டுவிட்டு லொரெயின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு கண்ணு. கடகடன்னா, டப்பாவுக்குள்ள கல்லு உருள்ற மாதிரியா? இல்ல கதவை யாரோ கையால தட்ற மாதிரியா?"

"ரெண்டும். ரெண்டும் வேற வேற."

"ம். இப்பத்தான் ஒருத்தங்க ஒழுங்காப் பேசறாங்க."

அவள் காரை ஓட்டிக்கொண்டு ரயில் பாதை வரை போய்த் திரும்பினாள். பிறகு எல்மரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொல்லி, நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பச் சொன்னாள். தான் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்து, உள்ளே கையை விட்டு, ஒவ்வோர் உறுப்பாகத் தொட்டுப் பார்த்தாள். அடியிலிருந்து ஸ்பேனர் கிறீச்சிடும் ஓசை வந்தது. அதன் பிறகு அவள் குரல்.

"பெரியவரே, உங்களுக்கு ஊருல எதிரி யாராச்சும் இருக்காங்களா?"

"ஏன்?"

"லிங்க் ராடு நட்டை எவனோ தளர்த்தி விட்டிருக்கான். சுத்தி இருக்கறது அத்தனையும் உப்புல துருப்புடிச்சுக் கெடக்கு. இது மட்டும் புது மோதிரம் மாதிரி மின்னுது. தானாக் கழண்ட நட்டு இப்படி இருக்காது. இறுக்கிட்டேன். இதுக்கெல்லாம் காசு கேட்டா நான் பொம்பளையே இல்ல."

எல்மருக்குக் கண்கள் கசிந்தன. இத்தனை நாள் அலைந்தது இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். எங்கே கிடைத்திருக்கிறது பார், இந்த எச்சில் கோப்பைக்குப் பக்கத்தில். இருக்கையிலிருந்து இறங்கி அந்தக் கறைபட்ட கையைப் பிடித்துக் குலுக்கத்தான் போனார்.

"ஆனா," என்றாள் ரோண்டா, எழுந்து உட்கார்ந்து, "உங்க பிரச்சினை அது இல்ல. இந்தப் பக்கம் பால் ஜாயின்ட், சக்கரத்தைப் புடிச்சு வச்சிருக்கற மூட்டு, போயிடுச்சு. வண்டியை இங்கயிருந்து நகத்தக் கூடாது."

நீட்டிய கை பாதியில் நின்றது.

பால் ஜாயின்ட். அதே சொல். வெண்ணிலா மணக்க ட்ரெவர் சொன்ன அதே சொல். கொஞ்சம் முன்பு கசிந்த கண்களை நினைத்து எல்மருக்குத் தம்மீதே அருவருப்பு உண்டாயிற்று. இவள் அவர்களையும் மிஞ்சியவள். முதலில் சின்ன உண்மை ஒன்றை இலவசமாகக் கொடுத்து வாயை அடைத்துவிட்டு, பிறகு பெரிய பொய்யை இறக்குகிறாள். நோயாளிப் பெண் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே இறக்குகிறாள்.

"வெக்கமா இல்ல?" என்றார். பழைய ஆய்வாளரின் குரல் திரும்பியிருந்தது. "நீயும் அந்தக் கூட்டந்தானா?"

"எந்தக் கூட்டம்?"

"நான் யாருன்னு தெரியுமா? எடை அளவு ஆய்வாளர். உன்ன மாதிரி எத்தனை பேரைப் பாத்திருப்பேன் தெரியுமா? இந்தக் கார்ல ஒரு கோளாறும் கெடையாது. அந்த ஒரு நட்டைத் தவிர ஒண்ணுமே கெடையாது. எனக்கு எப்படித் தெரியும்னு கேளு. அதைத் தளர்த்தினதே நான்தான். என் கையால. ஊருல எந்த மெக்கானிக் உண்மை பேசறான்னு பாக்க. இப்பச் சொல்லு, பால் ஜாயின்ட் எங்கேருந்து வந்துச்சு?"

மூலையில் படுத்திருந்த கிழட்டு நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது.

ரோண்டா கோபப்படவில்லை. கோப்பையை எடுத்து நிதானமாக உமிழ்ந்தாள். "ஓஹோ," என்றாள். "எதிரி வீட்டுக்குள்ளயே இருக்காரா."

அவள் ஜாக்கியை உருட்டி வந்து காரின் முன்பக்கத்தைத் தூக்கினாள். சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. குட்டைக் கடப்பாரை ஒன்றை எடுத்து எல்மரின் கையில் கொடுத்தாள். "நான் செஞ்சா ஏதோ கண்கட்டு வித்தைன்னு சொல்லுவீங்க. நீங்களே இதை இந்தச் சந்துல விட்டு மேல தூக்குங்க. ஆய்வாளர்தானே, ஆய்வு பண்ணுங்க."

எல்மர் கடப்பாரையை விட்டுத் தூக்கினார். டொக்.

சக்கரத்தைத் தாங்கும் இரும்பும் அதற்குக் கீழிருந்த கீழ்க்கை என்ற இரும்புச் சட்டமும், ஒன்றோடொன்று பிரியவே கூடாத இரண்டு உறுப்புகள், விரல் நுழையும் அளவுக்கு விலகி மறுபடி சேர்ந்தன. அவர் கையைத் தளர்த்தினார். டொக். கடப்பாரை வழியாக அந்த அடி அவருடைய தோளில் இறங்கியது. சில வாரங்களாக வீட்டு வாசலில் கேட்ட அதே சத்தம். தம்முடைய நட்டுதான் நன்றாக வேலை செய்கிறது என்று எண்ணி அவர் திருப்திப்பட்ட அதே சத்தம்.

"நட்டு கடகடத்துக்கிட்டே இருந்துச்சு," என்றாள் ரோண்டா. "அதுக்கு அடியில இது மெல்ல மெல்லக் கழண்டுக்கிட்டு இருந்துச்சு. ஒரு சத்தத்தை வச்சு இன்னொண்ணை நீங்களே மூடி வச்சிருக்கீங்க. நெடுஞ்சாலையில போறப்ப இது பிடுங்கிக்கிட்டா, சக்கரம் அப்படியே வெளிய மடங்கிப் படுத்துரும்."

எல்மர் கடப்பாரையைக் கீழே வைத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல், மரத்தூளில் மெதுவாக, சத்தம் வராமல் வைத்தார்.

"எத்தனை நாளா?"

கேட்டவள் லொரெயின்.

"லொரெயின், அந்த நட்டால எந்த ஆபத்தும் இல்ல. நான் படிச்சுப் பாத்துட்டுத்தான்..."

"எத்தனை நாளான்னு கேட்டேன்."

"செப்டம்பர்லேருந்து."

அவள் தலையை ஆட்டினாள். கூட்டிப் பார்க்கிறவள்போல் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள்.

"ஒவ்வொரு தடவையும் நான் அந்தக் கைப்பிடியில தொங்கிக்கிட்டே வந்தேன். அங்க போய் நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்திகரிக்கறப்ப, திரும்பி வர்ற வழியை நெனச்சுப் பயந்துக்கிட்டே படுத்திருந்தேன். நர்ஸ் பிரஷர் ஏறுது ஏறுதுன்னு சொன்னா. உனக்குத் தெரியும். பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

"உனக்காகத்தானே இதெல்லாம்."

"அந்த நட்டால ஆபத்து இல்லேன்னு உனக்குத் தெரியும். எனக்குத் தெரியுமா? ஒரு வார்த்தை சொன்னியா? நான் என்ன, உன் தராசுல வச்ச பொட்டலமா?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் சொல்லி முடித்துவிட்டு அவரைப் பார்த்த பார்வையில், வாழ்நாள் முழுவதும் கள்ளத் தராசுக்காரர்களை அவர் எப்படிப் பார்த்தாரோ, அது இருந்தது. தம்முடைய பார்வையை இன்னொருவர் கண்ணில் அவர் அன்றுதான் கண்டார்.

"மிச்சச் சண்டையை அப்புறம் வச்சுக்கங்க," என்றாள் ரோண்டா. "கண்ணு, நீ எத்தனை மணிக்கு அங்க இருக்கணும்?"

"பதினொண்ணுக்கு."

"என் இழுவை வண்டியில கொண்டுபோய் விடறேன். நாய் உக்கார்ற சீட்டு, நாத்தம் அடிக்கும். பரவாயில்லையா?"

"சக்கரம் கழண்டு விழாதுல்ல?"

"என் வண்டியில நாத்தம் மட்டுந்தான் கோளாறு."

லொரெயின் சிரித்தாள். அந்த இலையுதிர் காலத்தில் எல்மர் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். அது அவருக்கானதாக இல்லை. ரோண்டா கைகொடுத்து அவளை உயரமான அந்த வண்டியில் ஏற்றினாள். இருக்கையில் மூன்று பேருக்கு இடம் இருந்தது.

"நானும் வர்றேன்," என்று எல்மர் கதவருகே போனார்.

லொரெயின் தன் போர்வையும் பையும் அடங்கிய மூட்டையை எடுத்துப் பக்கத்து இடத்தில் வைத்தாள். நேராக முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவு மூடியது.

அவர் பட்டறையில் தனியாக நின்றார். உட்கார அருவருப்பாக இருந்தது. நிற்கக் கால் வலித்தது. கடைசியில் லொரெயின் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். அந்தக் கிழட்டு நாய் வந்து, அவர் காலையில் துடைத்துப் பளபளப்பாக்கியிருந்த காலணியின்மேல் தாடையை வைத்துப் படுத்தது. வாயோரம் எச்சில் நூலாக இறங்கியது. காலை இழுத்துக்கொள்ள நினைத்தவர் இழுத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்தில் அருவருப்பதற்கு உரிமை உள்ளவர் தாம்தானா என்ற சந்தேகம் அவருக்கு வந்திருந்தது.

ரோண்டா திரும்பி வந்ததும், வழியில் வாங்கி வந்த புது உதிரியை எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். கழற்றிய பழைய பால் ஜாயின்டைத் தூக்கிக் காட்டினாள். கிண்ணத்துக்குள் இறுக்கமாக நிற்க வேண்டிய குண்டு, கவிழ்த்ததும் தானாகவே அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"அந்தக் கடைக்காரன் இதையும் சொன்னான்," என்றார் எல்மர் தாழ்ந்த குரலில். "மத்ததெல்லாம் பொய். அதனால இதுவும் பொய்யின்னு நெனச்சேன்."

"அவன் எதையும் பாத்திருக்க மாட்டான். வாயில வந்ததையெல்லாம் சொன்னா அதுல ஒண்ணு சரியாத்தான் இருக்கும். அவன் பாக்காமலே சொன்னான், நீங்க கேக்காமலே தீர்ப்புச் சொன்னீங்க. நல்ல பொருத்தம்."

எல்மர் அந்தக் குண்டை வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"இன்னொண்ணு. இந்தக் காரை இனிமே நான்தான் பாப்பேன்னு லொரெயின்கிட்டச் சொல்லியிருக்கேன். ஆனா சத்தம் என்னன்னு அவங்கதான் வந்து சொல்லணும். நீங்க சொல்லி நான் கேக்கறதா இல்லை."

"ஏன்?"

"ஏன்னா? நீங்க 'இடது பக்கம் சத்தம்'னு சொல்லுவீங்க. அது நெசமா, இல்ல எனக்கு வச்ச பரிட்சையான்னு நான் உக்காந்து யோசிக்கணும். எனக்கு ஒருத்தர் பொய் சொன்னா வேலை ஓடாது பெரியவரே. நம்பிக்கையான மெக்கானிக் வேணும்னு நீங்க தேடறீங்க. எங்களுக்கு நம்பிக்கையான வாடிக்கை வேண்டாமா?"

எல்மர் பணப்பையை எடுத்து, பால் ஜாயின்டுக்கான காசை எண்ணி, அழுக்கு மேசையில் அந்தக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

மாலையில், வேலை முடிந்த காரை ஓட்டிக்கொண்டு பஃபலோவுக்குப் போனார். ரயில் பாதையில் கார் பஞ்சில் ஏறி இறங்கியதுபோல் கடந்தது. டயாலிசிஸ் நிலைய வாசலில் லொரெயின் நர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. எல்மர் இறங்கி ஓடிப்போய் முன்கதவைத் திறந்து பிடித்தார்.

அவள் திறந்த கதவைக் கடந்து போனாள். பின்கதவைத் தானே திறந்துகொண்டு, வாடகைக் காரில் ஏறுகிறவள்போல், பின்னிருக்கையில் உட்கார்ந்து போர்வையை முழங்கால்மேல் விரித்துக்கொண்டாள்.

"முன்னாடி வாயேன் லொரெயின். சூடு முன்னாடிதான் நல்லா வரும்."

"வண்டியை எடு."

எடுத்தார். நெடுஞ்சாலையில் ஏறினார்கள். முதல் பனித்துகள்கள் விளக்கொளியில் வந்து மோதின. அவர் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, கழுத்தைச் சற்று வலப்புறம் சாய்த்து, சாலையின் ஒவ்வோர் ஒட்டுக்கும் காதைக் கொடுத்துக்கொண்டே ஓட்டினார். ரோண்டா சரியாகத்தான் செய்திருக்கிறாளா? சரியாகத்தான் செய்திருக்கிறாள். இருந்தாலும் காது சக்கரத்தின் பக்கமே போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்தும் வழி அவருக்குத் தெரியவில்லை.

"எல்மர்," என்றாள் லொரெயின் பின்னாலிருந்து.

"சொல்லு."

"ரேடியோவைப் போடு. நீ இப்படி ஒட்டுக் கேட்டுக்கிட்டு ஓட்டறதை என்னால பாத்துக்கிட்டு உக்கார முடியல."

அவர் கையை நீட்டி ரேடியோவைப் போட்டார். போல்கா என்ற துள்ளல் நடன இசை ஒன்று பாதியிலிருந்து பாய்ந்தது. குறைக்கட்டுமா என்று கேட்கக் கண்ணாடியில் பார்த்தார். அவள் கண்களை மூடிக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தாள். அவர் குறைக்காமல் ஓட்டினார்.